தைராய்டுக்காக கோதுமைய விடப் போறீங்களா, நாங்க பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

ஓசூர்ல இருக்கிற என் நாத்தனார் போன வருசம் போன் பண்ணி "அண்ணி, நான் கோதுமையில இருக்கிற குளூட்டன விட்டுட்டேன், இனிமே தைராய்டு மாத்திரையே வேணாமாம்"னு சொன்னப்ப எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அவளுக்கும் எனக்கும் ஒரே வியாதி தான், ஹாஷிமோட்டோ. உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பிய எதிரின்னு நெனச்சு கொஞ்சம் கொஞ்சமா அரிக்கிற வியாதி, 1912ல ஹகாரு ஹாஷிமோட்டோன்னு ஒரு ஜப்பான் டாக்டர் நாலு பொம்பளைங்களோட சுரப்பிய ஆராய்ஞ்சு எழுதினதால அவர் பேரே ஒட்டிக்கிச்சு. அரிச்சுப் போன சுரப்பி சப்பாத்திய நிறுத்துனா திரும்ப மொளைக்காதுங்க. இவ மூணு மாசம் மாத்திரைய விட்டு, முகம் ஊதி, படி ஏற முடியாம மூச்சு வாங்கி, கடைசில டெஸ்ட் எடுத்தா டிஎஸ்ஹெச் (தைராய்டு கொறைஞ்சா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) 40ஐ தாண்டி நிக்குது. சாப்பாட மாத்துறது உங்க இஷ்டம், ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. அதுவும் கர்ப்பமா இருக்கிறவங்க நெனச்சே பாக்கக் கூடாது, அந்த நேரத்துல டோஸ் கூட்டித் தான் குடுப்பாங்க.

சரி, குளூட்டனுக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லையான்னா இருக்கு. குளூட்டன்னா கோதுமை, பார்லி, ரை இதுல இருக்கிற புரதம், பரோட்டா மாவு ஜவ்வு மாதிரி இழுக்குதே, அதுக்குக் காரணம் இது தான். சிலருக்கு இது உள்ள போனா எதிர்ப்பு சக்தி சிறுகுடலையே தாக்கும், அதுக்கு பேரு சீலியாக் வியாதி. ஹாஷிமோட்டோ மாதிரி தைராய்டு இருக்கிறவங்கள்ல நூத்துக்கு ரெண்டுலருந்து அஞ்சு பேருக்கு சீலியாக்கும் கூட இருக்குன்னு உலக அளவுல கணக்கு சொல்றாங்க. அவங்களுக்கு குளூட்டன நிறுத்துறது தான் வைத்தியம், வாழ்நாள் முழுக்க, அதுல பேச்சே இல்ல. மீதி இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு? 2019ல போலந்துல 34 பொண்ணுங்கள வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க, அதுல 16 பேரு ஆறு மாசம் குளூட்டன் இல்லாம சாப்பிட்டாங்க, அவங்களுக்கு தைராய்டு சுரப்பிய தாக்குற ஆன்டிபாடி அளவு கொறஞ்சுது, ஆனா டிஎஸ்ஹெச் அப்படியே தான் இருந்துச்சு. ஆதாரம்னு பாத்தா இந்த மாதிரி சின்னச் சின்ன ஆய்வுங்க தான். இத வச்சு எல்லாருக்கும் "விட்டுடுங்க"ன்னு அடிச்சு சொல்றவங்கள நான் நம்புறதில்ல.

இப்ப நான் பண்ண தப்புக்கு வரேன், இது தான் பெரிய தப்பு. நான் டெஸ்ட் எடுக்காமலே கோதுமைய நிறுத்திட்டேன். வயிறு உப்புசம் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு, சரி நமக்கு சீலியாக் தான் போலன்னு நானே முடிவு பண்ணி மூணு மாசம் கழிச்சு தருமபுரியில ஒரு லேப்ல டிடிஜி ஐஜிஏன்னு சீலியாக் கண்டுபிடிக்கிற ரத்த டெஸ்ட் குடுத்தேன், ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. ரிப்போர்ட்ட எடுத்துட்டு போனா டாக்டரம்மா மொதல்ல கேட்டதே "கடைசியா எப்ப சப்பாத்தி சாப்பிட்டீங்க?" அந்த டெஸ்ட் குளூட்டன் உள்ள போய்ட்டு இருந்தா தான் வேலை செய்யுமாம், நிறுத்திட்டா ஆன்டிபாடி எறங்கிடும், வியாதி இருந்தாலும் இல்லாத மாதிரியே காட்டலாம். அப்புறம் என்ன, திரும்ப ஆறு வாரம் தெனமும் ஒண்ணுக்கு மேல வேளையில கோதுமை சாப்பிட்டு, மறுபடி காசு கட்டி டெஸ்ட் குடுத்தேன். கூடவே மொத்த ஐஜிஏ (ரத்தத்துல இருக்கிற ஒரு வகை ஆன்டிபாடி) அளவும் பாக்க சொன்னாங்க, ஏன்னா அது பொறவியிலயே கம்மியா இருக்கிறவங்களுக்கு இந்த டெஸ்ட் தப்பா காட்டிடும். எனக்கு சீலியாக் இல்லன்னு அப்ப தான் தெளிவாச்சு.

இதுல நம்ம தருமபுரி மாவட்டத்துக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. 2016ல இந்தியா முழுக்க ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, சீலியாக் வடக்க நூத்துக்கு 1.23 பேருக்கு, தெக்க 0.10 பேருக்கு தான்னு. அங்க தெனமும் ஒரு ஆளு 455 கிராம் கோதுமை திங்கிறாரு, இங்க 25 கிராம். பென்னாகரத்துல எங்க பெரியம்மா வீட்ல காலையில கூழு, மத்தியானம் கேவுரு களியும் கீர கடைசலும், ராத்திரி சோறு, கோதுமைன்னா எப்பயாச்சும் வர்ற உப்புமா தான். அப்படிப்பட்டவங்க குளூட்டன நிறுத்தவே வேணாம், பாதி நாள் அவங்க தட்டுல அது இருக்காது. ஆனா சீலியாக் சந்தேகம் வந்து டெஸ்ட் குடுக்கணும்னா "நான் கோதுமை ரொம்ப கம்மியா தான் சாப்பிடுவேன்"னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, எல்லா டாக்டரும் அவங்களா கேக்க மாட்டாங்க.

கேவுருல குளூட்டன் இருக்கான்னு நிறைய பேரு கேக்குறாங்க. இல்ல. சாமை, தினை, கம்பு, சோளம், அரிசி எதுலயும் இல்ல. ஆனா பாக்கெட்ல ராகின்னு எழுதியிருக்கிறதெல்லாம் ராகி இல்லைங்க, ராகி பிஸ்கட்ட திருப்பிப் பாத்தா பல பிராண்டுல மைதாவோ கோதுமையோ முன்னாடி நிக்குது, ராகி சேமியாவுலயும் சில பிராண்டுல கோதுமை சேக்குறாங்க, மல்ட்டிகிரைன் ஆட்டான்னா முக்கால்வாசி கோதுமை தான். ஹார்லிக்ஸ்ல கோதுமையும் பார்லியும் இருக்கு. எனக்கே ஆச்சரியமா இருந்தது பெருங்காயத்தூள், கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயம் பலதுல மைதா கலந்திருப்பாங்க, ரசத்துல ஒரு சிட்டிகை தானேன்னு நமக்கு தோணும், சீலியாக் இருக்கிறவங்களுக்கு அது கூட ஆகாது. மாவு மில்லும் அப்படித் தான், முன்னாடி யாராச்சும் கோதுமை அரைச்சுட்டு போன மெஷின்லயே நம்ம கேவுர போட்டா அந்த மாவுல கோதுமை கலந்து தான் வரும். சீலியாக் இருக்கிறவங்க வீட்லயே அரைச்சுக்கிறது நல்லது, இல்லன்னா குளூட்டன் ஃப்ரீன்னு லேபிள் போட்டத வாங்கணும், நம்ம நாட்டு விதிப்படி ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. சீலியாக் இல்லாதவங்க இதுக்கெல்லாம் தலைய பிச்சுக்க வேணாம்.

அதே கேவுரு இன்னொரு வழியில வம்பு பண்ணும், இத யாரும் சொல்றதே இல்ல. காலையில எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரைய போட்டு கையோட ஒரு சொம்பு கூழு குடிச்சா மாத்திரை சரியா உடம்புல சேராது. வெறும் வயித்துல தண்ணில போட்டு அர மணியிலருந்து ஒரு மணி நேரம் சும்மா இருக்கணும், காபி கூட அதுக்கப்புறம் தான். கேவுருல நூறு கிராமுக்கு 340, 360 மில்லிகிராம் கிட்ட கால்சியம் வேற இருக்கு. கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரைன்னா நாலு மணி நேரம் தள்ளிப் போடணும். நாலு மணிக்கே பால் கறக்க போறேன், எனக்கு காபி இல்லாம முடியாதுன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சிலருக்கு அது ஒத்து வருது.

முட்டகோசு, மரவள்ளிக் கிழங்கு, கம்பு இதெல்லாம் தைராய்டுக்கு விசம்னு பயமுறுத்துவாங்க. அயோடின் உப்பு போட்டு சமைக்கிற வீட்ல, வேக வச்சு அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. பயப்பட வேண்டியது அளவுக்கு மீறின அயோடினுக்கு தான், கடல்பாசி மாத்திரை வாங்கி முழுங்குறது ஹாஷிமோட்டோவ இன்னும் மோசமாக்கும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியாச்சும் நிறுத்திடுங்க, இல்லன்னா பல லேப்ல டிஎஸ்ஹெச் கம்மியா காட்டிடும், அத நம்பி டோஸ கொறைச்சா மாட்டிக்குவீங்க.

சீலியாக் உறுதியாகி குளூட்டன விட்டவங்களுக்கு குடல் ஆறுனதும் மாத்திரை நல்லா சேர ஆரம்பிக்கும், அப்ப பழைய டோஸே ஜாஸ்தியாகி நெஞ்சு படபடன்னு அடிக்கலாம். அதனால ஆறுலருந்து எட்டு வாரத்துல டிஎஸ்ஹெச் பாத்து டோஸ மாத்திக்கணும். நாத்தனார் மறுபடி மாத்திரைக்கு வந்துட்டா, கோதுமையும் சாப்பிடுறா. எங்க வம்சத்துலயே தைராய்டு ஓடுறதால பதினாறு வயசு என் பொண்ணுக்கு அடுத்த மாசம் டிஎஸ்ஹெச்சும் டிடிஜியும் சேத்து எடுக்கலாம்னு இருக்கோம், அது வரைக்கும் அவ பரோட்டா தின்னுக்கட்டும்னு விட்டுட்டேன்.