அமெரிக்க நீதிபதி நியமனச் சண்டைகள்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் முன்மொழிந்தவரை செனட் அவை ஏற்குமா என்ற கட்சிச் சண்டையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இடறி விழுவது, மரபைச் சட்டம் என்று எண்ணும் இடத்தில்தான். செனட்டின் ஆலோசனையும் ஒப்புதலும் வேண்டும் என்கிற அரசியலமைப்பு, எத்தனை நாளில் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்றோ, தேர்தல் ஆண்டில் நியமனம் கூடாது என்றோ எங்கும் சொல்லவில்லை.

2016 பிப்ரவரியில் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா இறந்ததும் ஒபாமா மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். தேர்தல் ஆண்டில் மக்களே முடிவு செய்யட்டும் என்று கூறிய குடியரசுக் கட்சியின் செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், குழு விசாரணைக்கே இடம் கொடுக்கவில்லை. ஆகவே கார்லண்டை செனட் ‘நிராகரித்தது’ என்று எழுதுவது பிழை. வாக்கெடுப்பே நடக்காமல் அந்த நியமனம் காலாவதியானது. 2020 செப்டம்பரில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தபோதோ, அதே மெக்கானலின் தலைமையில், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பேரட் 52-48 என்ற கணக்கில் ஒப்புதல் பெற்றார். அதிபரும் செனட்டும் இம்முறை ஒரே கட்சி வசம் இருப்பதால் நிலைமை வேறு என்பது மெக்கானல் தந்த விளக்கம். விளக்கம் எதுவானாலும், இரண்டு முறையும் முடிவைத் தீர்மானித்தது பெரும்பான்மைதான் என்பது என் கணிப்பு.

நியமனத்துக்கு முன்பெல்லாம் 60 வாக்குகள் தேவைப்பட்டன என்பது இன்னொரு தவறு. அறுபது என்பது விவாதத்தை முடித்துவைக்கத் தேவைப்பட்ட எண். ஒப்புதலுக்கு எப்போதும் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 1991இல் கிளாரன்ஸ் தாமஸ் 52-48 என்று தேறியது, அதுவும் ஜனநாயகக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த செனட்டில், இப்படித்தான். விவாதத்தை முடிக்கும் அந்த வரம்பைக் கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு 2013இல் தளர்த்தியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். 2017இல் நீல் கோர்சச்சுக்காக உச்ச நீதிமன்றத்துக்கும் அந்தத் தளர்வை விரிவாக்கியவர்கள் குடியரசுக் கட்சியினர். ஒரு பாதியை மட்டும் சொல்பவர் எந்தக் கட்சிக்காரர் என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சண்டையெல்லாம் 1987இல், உச்ச நீதிமன்றத்துக்கு ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க் 42-58 என்று தோற்றதில் தொடங்கியது என்பதும் பாதி உண்மையே. அவரை எதிர்த்தோரில் ஆறு பேர் குடியரசுக் கட்சியினர். தவிர, தலைமை நீதிபதியாக முன்மொழியப்பட்ட ஜான் ரட்லெட்ஜை செனட் 1795இலேயே நிராகரித்திருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தை மட்டுமே பார்ப்பதும் தவறுதான், ஏனெனில் பெரும்பாலான வழக்குகள் அங்கு போய்ச் சேர்வதில்லை. கீழ் நீதிமன்றங்களுக்கு ‘புளூ ஸ்லிப்’ என்றொரு வழக்கம் உண்டு: அந்தந்த மாநிலத்தின் செனட்டர்கள் நீல நிறத் தாளில் தம் சம்மதத்தைத் தெரிவிப்பார்கள். டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில், மேல்முறையீட்டு நீதிமன்ற நியமனங்களைத் தடுக்கும் வலு அந்தத் தாளுக்கு இல்லாமல் போனது. மாவட்ட நீதிமன்றங்களுக்கு மட்டும் அது நீடித்தது.