வெளிநாட்டில் படித்துக்கொண்டே குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓரளவு ஊன்றிக்கொண்டதுமே, தெரிந்தவர் ஒருவர் மூலமாகவோ விடுதியின் அறிவிப்புப் பலகை மூலமாகவோ, ‘எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா?’ என்ற கேள்வி மாணவர்கள் பலரையும் தேடி வந்துவிடுகிறது. உணவகத்தில் தட்டு கழுவுவதோடு ஒப்பிட்டால் இதில் உடல் அலுப்பு குறைவு, மணிக்கணக்கில் பார்த்தால் வருமானமும் பெரும்பாலும் கூடுதல் என்பதால் உடனே சம்மதிக்கத் தோன்றும். ஆனால் சம்மதிப்பதற்கு முன்பு உங்கள் விசா எதை அனுமதிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்த விஷயத்தில் பலர் கவனிக்கத் தவறுவது வேலையின் வகையைத்தான். பிரிட்டனில் பட்டப்படிப்புக்காக மாணவர் விசாவில் இருப்பவர் பொதுவாகக் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் செய்யக் கூடாது. ஒரு வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிவிட்டுப் பெற்றோரிடம் நேரடியாகப் பணம் வாங்குவது சுயதொழில் என்றே கருதப்பட வாய்ப்புண்டு என்பதால், ‘வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தானே’ என்ற சமாதானம் அங்கே எடுபடாது. டியூஷன் நிறுவனம் ஒன்றில் ஊழியராகச் சேர்வதே பாதுகாப்பான வழி. ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்களுக்கு 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. சுயதொழில் என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். ஜப்பானில் குடிவரவுத் துறையின் அனுமதியைப் பெற்ற பிறகே வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். அமெரிக்காவில் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர் உரிய அங்கீகாரம் இல்லாமல் பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே கூலிக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாலும் அது விதிமீறல்தான். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், நண்பர் சொன்னதை நம்பாமல் அரசின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குழந்தைகள் பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கான சோதனைச் சான்றை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வழங்குகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிபிஎஸ் எனப்படும் குற்றப்பதிவுச் சோதனை இருக்கிறது. சான்று கேட்கப்படாத இடத்திலும் சில வழக்கங்களை நீங்களாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பாடம் நடக்கும் நேரம் முழுவதும் பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். குழந்தையைப் படம் எடுக்கக் கூடாது. செய்தி அனுப்புவதெல்லாம் பெற்றோரின் எண்ணுக்கு மட்டுமே. இவற்றை முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிட்டால் பெற்றோருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும், உங்களுக்கும் அது பாதுகாப்பு.

பெற்றோர் சந்திப்பில் ‘ஆங்கிலம் உங்கள் தாய்மொழியா?’ என்று கேட்பார்கள். இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தை இன்னொரு மொழிக்குப் பக்கத்தில் வைத்துக் கற்றவருக்கு எந்த இடத்தில் நாக்கு புரளாது, எந்த விதி குழப்பும் என்பது அனுபவத்தில் தெரியும். பேச்சோடு பேச்சாக ஆங்கிலம் வந்துவிட்டவர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அதே சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: அவர்கள் எதிர்பார்ப்பது பள்ளி மதிப்பெண்ணா, பேச்சா, ஏதேனும் தேர்வா? பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அமைப்பு நடத்தும் குழந்தைகளுக்கான ஆங்கிலத் தேர்வுகள் ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃப்ளையர்ஸ் என்று மூன்று நிலைகளில் உள்ளன. அவற்றில் தேர்ச்சி, தோல்வி என்பது கிடையாது, ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து வரை கேடயச் சின்னங்கள் தருவார்கள். பெற்றோர் இந்தத் தேர்வை மனத்தில் வைத்திருந்தால் கேம்பிரிட்ஜ் வெளியிட்டுள்ள சொற்பட்டியலே உங்களுக்கு ஆயத்தமான பாடத்திட்டம் ஆகிவிடும். நாட்டின் பள்ளித்திட்டத்தையும் விசாரியுங்கள்: ஜப்பானில் 2020 முதல் தொடக்கப்பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம், 3, 4-ஆம் வகுப்புகளில் பேச்சுப் பயிற்சி மட்டும், ஆகவே அங்கே எட்டு வயதுப் பிள்ளைக்கு இலக்கணப் பயிற்சித்தாளை நீட்டினால் அது பள்ளியோடு ஒட்டாது.

இனி வகுப்பு. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு 45 நிமிடம் போதும். அதற்குள்ளும் எந்த வேலையும் பத்து நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக டியூஷன் எடுப்பவர்கள் இந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தாங்களே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். காசு வாங்குகிறோமே, விளக்க வேண்டாமா என்ற கவலை அது. குழந்தை வாய் திறக்கும் நேரம்தான் வகுப்பு என்று வைத்துக்கொண்டால், தயாரிக்கும் முறையே மாறிவிடும்.

தொடக்கம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும். பகடையின் ஆறு எண்களுக்கும் ஆறு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்து, குழந்தை உருட்டி விழுகிற எண்ணின் கேள்வியை உங்களிடம் கேட்க, அடுத்து நீங்கள் உருட்டிக் கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு எழுந்து நின்று செய்யும் வேலை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உருவாக்கிய முறை ஒன்றில் கற்பவர் கட்டளையைக் கேட்டு உடலால் பதில் சொல்வார்: ‘டச் த டோர்’ என்றால் போய்க் கதவைத் தொட வேண்டும். பேசத் தயங்கும் குழந்தைக்கு இது பெரிய ஆறுதல், ஏனெனில் புரிந்தது என்று காட்ட வாய் திறக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பிறகு கட்டளையிடும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, அது கதவைத் தொடச் சொன்னால் நீங்கள் வேண்டுமென்றே சன்னலைத் தொடுங்கள். ‘நோ! த டோர்!’ என்ற கூச்சல் வரும். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளையின் குரல் அன்றுதான் முழுதாகக் கேட்கும்.

அடுத்து அட்டை விளையாட்டு. எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் இரண்டிரண்டாக வரைந்து கலைத்துப் பங்கிட்டு, ‘டூ யூ ஹேவ் எ கேட்?’ என்று முழு வாக்கியமாகக் கேட்டால்தான் அட்டை கைமாறும் என்பதை விதியாக்குங்கள். நோட்டுப் புத்தகத்தில் மூன்று முறை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் குழந்தை, அதே வாக்கியத்தை இந்த ஆட்டத்தில் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிவிடும். கடையில் வாங்கிய அட்டைகளைவிடக் குழந்தையே வரைந்தவற்றுக்கு மதிப்பு அதிகம். பூனை மாடு போல இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி கேட்ட பிறகு காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தால் மாணவர்களின் பதில் நீள்கிறது என்பதையும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் தம் வகுப்பறை ஆய்வுகளில் காட்டினார். மனத்துக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு நீண்ட மௌனம் அது என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

பிழை திருத்துவதில் அவசரம் வேண்டாம். ‘ஐ கோ பார்க் எஸ்டர்டே’ என்று குழந்தை சொன்னால், ‘ஓ, யூ வென்ட் டு த பார்க்! ஹூ டிட் யூ கோ வித்?’ என்று சரியான வடிவத்தைப் பேச்சுக்குள்ளேயே வைத்துத் திருப்பிக் கொடுங்கள். ‘தப்பு, கோ இல்லை, வென்ட்’ என்று வெட்டினால் பூங்காவில் நடந்த கதை அங்கேயே நின்றுவிடும். அன்று பாடமாக எடுத்த ஒரே ஒரு வடிவத்தை மட்டும் வெளிப்படையாகத் திருத்தலாம், மற்றவற்றை விட்டுவிடலாம்.

உச்சரிப்பில் குழந்தையின் தாய்மொழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது மிகுந்த பயன் தரும். ஜப்பானியக் குழந்தை ‘மில்க்’ என்பதை ‘மிருக்கு’ என்று நீட்டும், ஏனெனில் அந்த மொழியில் மெய்யெழுத்துகளுக்குப் பின் பெரும்பாலும் உயிரொலி வரும். ஒரு சொல்லுக்கு ஒரே கைத்தட்டு என்ற விளையாட்டு அதைக் குறைக்கும். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளை ‘எஸ்கூல்’ என்று சொல்லும். முதலில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு போலச் சீறவிட்டுப் பிறகு ‘கூல்’ சேர்த்தால் முன்னால் வரும் ‘எ’ விழுந்துவிடும். எழுத்துப் பெயர்களிலும் ஒரு கண்ணி உண்டு. ஜெர்மானிய மொழியில் I என்ற எழுத்தின் பெயர் ‘ஈ’, E என்ற எழுத்தின் பெயர் ‘ஏ’. ஆகவே ஸ்பெல்லிங்கை வாயால் சொல்லும்போது நீங்கள் ‘ஈ’ என்றால் ஜெர்மானியக் குழந்தை I எழுத்தை எழுதும், ‘ஏ’ என்றால் E எழுத்தை எழுதும். கவனக்குறைவு என்று நினைத்துக் கண்டிக்க வேண்டாம். அதன் மொழியில் அது எழுதியது சரி.

வாசிப்பை எழுத்துகளின் பெயர்களால் தொடங்காமல் அவற்றின் ஒலிகளால் தொடங்குங்கள்; இந்த முறைக்கு ஃபோனிக்ஸ் என்று பெயர். பிரிட்டிஷ் ஃபோனிக்ஸ் பாடத்திட்டங்கள் பல s, a, t, p, i, n ஆகிய ஆறு எழுத்துகளோடு ஆரம்பிக்கக் காரணம், இவற்றின் ஒலிகளை மட்டும் கொண்டே ‘ஸிட்’, ‘பின்’, ‘டின்’ என்று பல சிறு சொற்களை முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம் என்பதுதான். எழுத்துப் பெயர்களைக் கூட்டி ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்து படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும்; ஒரு வாரம் தனியே ஒலித்துப் பழகிக்கொண்டு போவது நல்லது.

கடைசி மூன்று நிமிடம் பெற்றோருக்கு. அன்று விளையாடிய ஆட்டத்தில் ஒரு சுற்றை அவர்கள் முன்னால் குழந்தையே நடத்தட்டும். நோட்டில் எதுவும் எழுதவில்லையே என்ற முணுமுணுப்பு அதற்குப் பிறகு பெரும்பாலும் எழாது. சில குழந்தைகள் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கிலும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத்தான் பேசும் என்பதையும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த ஊரில் மற்ற மாணவர்கள் வாங்கும் கட்டணத்தை விசாரித்து, போக வரச் செலவாகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு தொகை சொல்லுங்கள். பேரம் பேசக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காகக் குறைத்துச் சொல்லிவிட்டால் பிறகு ஏற்றுவது கடினம். நான்கு வகுப்புகளுக்கு முன்பணம், வகுப்புக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அந்த வகுப்புக்குக் கட்டணம் உண்டு என்ற இரண்டையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதற்கு ரசீது கொடுங்கள், வரிக் கணக்கில் காட்டுங்கள். வேலை நேரத்தைத் தேதி வாரியாகக் குறித்து வையுங்கள், விசா நீட்டிப்பின்போது கேட்கப்பட்டால் உதவும்.

உங்கள் தேர்வுக் காலத்தைப் பருவத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அந்த வாரங்களில் வகுப்பு இல்லை என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது ஒரு மாதம் முன்பே தெரிவித்து, வேலை அனுமதி உள்ள வேறொரு மாணவரை அறிமுகப்படுத்தி, முடித்த சொற்கள், பழகிய விளையாட்டுகள், இன்னும் தடுமாறும் ஒலிகள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுத்து, கடைசி வகுப்பு ஒன்றில் அவரையும் உடன் உட்கார வையுங்கள்.