பழைய மரச்சொப்பும் மரப்பாச்சியும்: சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஆச்சி வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் பழம்புடவையில் முடிந்த மூட்டை ஒன்று. அவிழ்த்தால் பதினொரு மரச்சொப்பு: குழவி தொலைந்த ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, இரண்டு குடம், மூடியில்லாத பானை, இன்னும் சில. அம்மா சின்ன வயதில் விளையாடியவை. "சும்மாதானே கிடக்கு, நீயே எடுத்துட்டுப் போ" என்றார் ஆச்சி. என் சேகரிப்பு அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, புதிதாக இறங்குபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒரு வகையை மட்டும் எடுங்கள்

தகரக் கார், தஞ்சாவூர்த் தலையாட்டி, களிமண் கொலு பொம்மை, பித்தளைச் சொப்பு எல்லாமே ஆசையைக் கிளப்பும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கத் தொடங்கினால் எதையும் அடையாளம் காணப் பழக மாட்டீர்கள். நான் மரத்தோடு நின்றுகொண்டேன். அதிலும் இரண்டே வகை: கட்டையைச் சுழலவிட்டுக் கடைந்து அரக்குப் பூசிய கடசல் சொப்பு, மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிப் பொம்மை.

2. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். செய்முறை தெரிந்தால்தான் கண் பழகும்.

கடசல் சொப்புக்குத் தமிழ்நாட்டில் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். முன்பு மஞ்சக்கடம்பு மரத்தில் செய்தார்கள். கட்டையைக் கடசல் பட்டறையில் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுப்பார்கள். சுழன்றுகொண்டே இருக்கும் பொருள்மேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசலில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். அப்புறம் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி போலப் பளபளப்பு வரும். கர்நாடகத்தின் சென்னபட்டணாவிலும் இதே முறைதான்.

அதனால் ஒரு பழைய சொப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உளி ஓடிய வட்டக் கோடுகள் தெரியும். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் வட்டமாக, ஒழுங்காக இருக்கும். தூரிகையால் பெயின்ட் அடித்திருந்தால் அந்த ஓரம் கொஞ்சம் கோணலாகப் போகும், சில இடத்தில் வழிந்து தடித்திருக்கும்.

மரப்பாச்சி வேறு வேலை. அது கடசல் இல்லை, செதுக்கியது. பெரும்பாலும் செம்மரம், சிலது கருங்காலி. செம்மரம் என்றால் உருவத்துக்கு மீறிய கனம் கையில் தெரியும். ஆணும் பெண்ணுமாக ஜோடியாகத்தான் இருக்கும். கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு கொடுத்து, அவள் வீட்டு முதல் கொலுவில் வைப்பது பல குடும்பங்களில் வழக்கம்.

3. தேடும் இடம்

முதலில் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரண். நிஜமாகவே அதுதான் நல்ல இடம், ஏனென்றால் பொருளோடு அதன் கதையும் கிடைக்கும். யார் வைத்து விளையாடினார்கள், எந்த ஊர்த் திருவிழாவில் வாங்கியது என்று அப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அடுத்தது காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகள். சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.

4. வாங்குமுன் பார்க்க வேண்டியது

தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழந்தை பிடிக்கும் இடத்தில்தான் உண்மையான தேய்மானம் இருக்கும். குடத்தின் கழுத்து, உலக்கையின் நடு, உரலின் உள்வாய். எங்கள் வீட்டு மரப்பாச்சியில் பெண்ணுக்கு மூக்கே மழுங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பியது அது. செம்மரம் உடம்புக்கு நல்லது என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள். ஒரு கடையில் "நூறு வருஷப் பழசு" என்று ஒரு ஜோடியைக் காட்டினார்கள். மேனி முழுக்க ஒரே கருப்பு, ஆனால் மூக்கு நுனி கூர்மை குறையவில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

பொடிப்பொடியாக ஓட்டைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் சோதியுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கருப்புத் தாள்மேல் இரண்டு வாரம் வையுங்கள். தாளில் மாவு போலத் தூள் விழுந்தால் உள்ளே வண்டு இன்னும் தின்றுகொண்டிருக்கலாம். பூச்சு இல்லாத மரப்பாச்சி என்றால் காற்றுப் புகாமல் பாலிதீன் பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். அப்போதுதான் ஈரம் பைக்கு வெளியே படியும். அரக்குச் சொப்புக்கு இதைச் செய்யாதீர்கள், பூச்சு வெடித்துவிடலாம். கடையிலேயே தூள் கொட்டும் அரக்குச் சொப்பை வாங்காமல் விடுவதே நல்லது.

5. சுத்தம் செய்வது

காய்ந்த மெல்லிய தூரிகை, பழைய பருத்தி வேட்டித் துணி. அவ்வளவு போதும்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஆச்சி கொடுத்த குடங்களில் ஒன்றில் பிசுக்கு இருந்தது. கையிலிருந்த சானிடைசரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். மூன்றாவது துடைப்பில் பஞ்சு முழுக்கச் சிவப்பு. குடத்தின் வயிற்றில் வெறும் மரம் தெரிந்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அம்மா கைப்பட்ட நிறம் அது, திரும்ப வராது. ஸ்பிரிட், சானிடைசர், சென்ட் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். தண்ணீரும் வேண்டாம், ஈரம் பட்டால் அரக்கு வெளுத்துப் பூத்துவிடும்.

புதிதாக வார்னிஷ் அடிப்பது, உடைந்த பிடியைச் செதுக்கி ஒட்டுவது, மழுங்கிய மூக்கைத் திருத்துவது எதுவும் வேண்டாம். அந்தத் தேய்மானத்துக்காகத்தானே சேர்க்கிறோம்.

6. காட்சிக்கு வைப்பது

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி போதும். வெயில் நேராக விழும் சுவரும் சமையலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். உள்ளே விளக்கு வேண்டுமென்றால் சூடு குறைந்த எல்.இ.டி. போடுங்கள், பார்க்கும்போது மட்டும் எரியட்டும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே கிடக்கட்டும்.

வரிசையாக நிறுத்திவைத்தால் கடை மாதிரி இருக்கும். நான் ஒரு தட்டில் சமையலறையே அமைத்திருக்கிறேன்: அடுப்புமேல் பானை, பக்கத்தில் அம்மி, மூலையில் குடம், உரலில் சாய்த்த உலக்கை. வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். சாயும் பொருளுக்கு அடியில் மிளகளவு தேன்மெழுகு வைத்து அழுத்தினால் அசையாது.

மரப்பாச்சிக்குக் கொலுவுக்குக் கொலு புதுத் துணி கட்டுவோம். பசையும் குண்டூசியும் வேண்டாம். ஊசி துருப்பிடித்து மரத்தில் கறை விடும். நூலால் கட்டுங்கள்.

7. நோட்டு போடுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், படம், உயரம், எங்கே கிடைத்தது, யாருடையது, என்ன விலை. எண்ணைப் பொருள்மேல் எழுதாமல் நூலில் கோத்த அட்டையில் எழுதுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் கேட்டால் இதையும் சொல்லிவிடுங்கள்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன கைவினைப் பொருள் தொல்பொருளாகிறது, அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. செம்மரத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. சூட்கேசில் வைக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் ஆட்டுக்கல். "குழவி இல்லை. தாமிரபரணியில் கழுவப் போய் தொலைத்தது, வயது ஆறு" என்று அம்மாவே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.