இ-இங்க் டேப்லெட்டில் தமிழ் படிக்கத் தொடங்குவோருக்கு

மண்டபம் கடற்கரையில் பிற்பகல் வெயிலில் கைப்பேசியில் ஒரு பத்தி படிக்க முயன்றவர்களுக்குத் தெரியும்: எழுத்து தெரிவதற்கு முன் நம் முகம்தான் திரையில் தெரியும், சற்று நேரத்தில் கைப்பேசியும் சூடேறித் தானாகவே மங்கிவிடும். அதே இடத்தில் 10.3 அங்குல இ-இங்க் டேப்லெட்டை முதன்முறை திறந்தபோது, வெயில் ஏற ஏற எழுத்து தெளிந்துகொண்டே வந்தது. இத்திரை தானாக ஒளிர்வதில்லை. நுண்ணிய குமிழ்களுக்குள் மிதக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்களில் எதை மின்புலம் மேலே இழுக்கிறதோ அதுவே நமக்குத் தெரிகிறது. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுவதால், புயல் நாள்களின் நீண்ட மின்தடையிலும் பகலில் தடையின்றிப் படிக்கலாம்.

முதல் நாளே ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, 'இதற்கா இவ்வளவு பணம்' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். பழுப்பேறிய தாளின் படம் இத்திரையில் சாம்பல் குழம்பாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடில் அமைந்த இபப் (EPUB) வடிவ மின்னூல் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் தொகுப்பில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் மட்டுமல்லாமல், 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் உண்டு.

நூலைத் திறந்ததும் 'கொ', 'கோ' வரும் சொற்களைக் கவனியுங்கள். கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி, புள்ளிவட்டம் ஒன்றைச் சுமந்து தனியே நின்றால், பெரும்பாலும் அது படிக்கும் செயலியின் குறை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, செயலியைத்தான் மாற்ற வேண்டும். எழுத்து சரியாக அமைந்தும் மெலிந்து தெரிந்தால், தடிமனான தமிழ் எழுத்துரு ஒன்றைக் கணினியிலிருந்து டேப்லெட்டின் எழுத்துருக் கோப்புறைக்குள் நகலெடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். வரிகளை இருபுறமும் சமன்செய்யும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். தமிழின் நீண்ட சொற்கள் அடுத்த வரிக்குத் தாவும்போது, மிஞ்சும் இரண்டு மூன்று சொற்களுக்கிடையே படகு போகும் அளவுக்கு இடைவெளி விழுகிறது.

ஸ்கேன் நூல்களைத் தவிர்க்கவே முடியாதவர்கள், ஓர வெற்றிடத்தை வெட்டிவிட்டு, டேப்லெட்டைக் கிடையாகத் திருப்பி, அரைப் பக்கமாகப் படிக்கலாம். மாறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்ட்டை, தாளின் கறை மறையும் வரை கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் மெய்யெழுத்தின் புள்ளியும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

முந்தைய பக்கத்தின் நிழல் புதிய பக்கத்தில் மங்கலாகத் தங்குவது பழுதன்று. திரை முழுவதும் ஒருமுறை கறுத்து வெளுத்தால் அது அழிந்துவிடும். ஆறு பக்கத்துக்கு ஒருமுறை அவ்வாறு புதுப்பிக்கும்படி அமைத்தது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. முன்விளக்கு உள்ள கருவியானால் பகலில் அதை அணைத்துவிடலாம். பேனாவால் ஓரக்குறிப்பு எழுதும் வசதி நன்று. ஆனால் அதற்காக மட்டும் வாங்கத் தேவையில்லை.

வெயில் இத்திரைக்கு நண்பன். நம் கரையின் மணலும் உப்பும் அப்படியல்ல. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய உறைக்குள்ளும் மணல் புகுந்துவிடும். தனுஷ்கோடியில் ஒரு நாள், திரையில் கிடந்த மணலை வேட்டி நுனியால் துடைத்தேன். இடது மேல் மூலையில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்து, இன்றும் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியையும் அடித்துத் திருத்தியதுபோல் கிடக்கிறது. மணலைத் துடைக்காதீர்கள், கேமரா லென்சுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள். அதன் பிறகே, நன்னீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியால் உப்புப் படலத்தை ஒற்றியெடுக்க வேண்டும். ஐபிஎக்ஸ்8 (IPX8) என்ற நீர்க்காப்புத் தரக்குறி பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி அலைக்கருகே கொண்டுபோக வேண்டாம். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது, கடல்நீருக்குப் பொருந்தாது. கரையிலிருந்து திரும்பியதும் சார்ஜ் துளையில் ஈரம் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே கம்பியைச் செருகுங்கள். பையில் வைக்கும்போது சாப்பாட்டு டப்பாவின் விளிம்பு திரைப்பக்கம் அழுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இத்திரைகளின் அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி.