வேர் வீங்கினால் மட்டும் போதாது: செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் நுண்ணுயிரிச் சேர்மங்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா வளர்ந்த திரவத்தை, ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸின் நாற்றுக்குக் கொடுக்கிறீர்கள், இரண்டு நாளில் வேர் நீளாமல் நுனியில் குண்டாகப் பருத்து நிற்கிறது. உடனே, செல்சுவரின் முக்கிய இழைப்பொருளான செல்லுலோஸின் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் கிடைத்துவிட்டது என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு, பெரும்பாலானவர்கள் விழுவதும் இங்கேதான். செல்லுலோஸ் இழைகள் செல்லைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதால் அது அகலாமல் நீள்கிறது, பிடி தளர்ந்தால் பருக்கிறது. சரி, ஆனால் ஒரைசலின் என்ற களைக்கொல்லி, செல்லுலோஸ் இழைகளுக்குத் திசை காட்டும் நுண்குழல்களைச் செல்லுக்குள் கலைத்தாலும் வேர் இப்படித்தான் வீங்கும். எத்திலீன் என்ற தாவர ஹார்மோன் கூடினாலும் தடிக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸே தயாரிக்கும் டுனிகாமைசின், புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஏறுவதைத் தடுக்கும் பொருள், அதுவும் வேரைப் பருக்க வைக்கும்.

அதனால் செல்லுலோஸையே அளந்து பார்க்க வேண்டும். அதையும் ஒரு வாரம் கழித்து அளந்தால் பயனில்லை, ஏனென்றால் எந்தக் காரணத்தால் நோய்ப்பட்ட செடியிலும் செல்லுலோஸ் குறைவாகத்தான் இருக்கும். கதிரியக்கக் கார்பன்-14 ஏற்றிய குளுக்கோஸைக் கொடுத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் அசெட்டிக்-நைட்ரிக் அமிலத்தில் கரையாத பகுதியில், அதாவது செல்லுலோஸில், எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள். சுவரின் மற்ற பகுதிகளில் சேர்வது அப்படியே இருக்க, இது மட்டும் விழுந்தால்தான் நம்பலாம். ஒப்பிட, பக்கத்திலேயே ஐசாக்சாபென் (செல்லுலோஸ் உற்பத்தியைத் தடுக்கும் களைக்கொல்லி) கொடுத்த நாற்றும் வெறும் ஊடகம் கொடுத்த நாற்றும் இருக்கட்டும். சுவரை ஒளிரச் செய்யும் கால்கோஃப்ளூர் சாயம் மங்கியதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள், அது செல்லுலோஸில் மட்டும் ஒட்டுவதில்லை.

அப்புறம் நொதிகள். பூஞ்சையோ ஸ்ட்ரெப்டோமைசிஸோ வளர்ந்த திரவத்தில், செல்லுலோஸைச் சிதைக்கும் நொதியான செல்லுலேஸ் தாராளமாக மிதக்கும். சுவர் உருவாவதை அது தடுக்கவில்லை, உருவானதைத் தின்கிறது, அவ்வளவுதான். குறிப்பாகப் புரோட்டோபிளாஸ்ட் (சுவர் நீக்கிய செல்) மறுபடி சுவர் கட்டுவதை வைத்துச் சோதிப்பவர்கள் இதில் ஏமாறுவார்கள். நொதிகள் வராத, எத்தில் அசிடேட் கரைப்பானில் பிரித்தெடுத்த சாரத்தில் விளைவு தொடர்கிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஊடகத்தை அலட்சியப்படுத்துவது இன்னொன்று. உருளைக்கிழங்கில் சொறிநோய் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்கேபிஸ் தரும் தாக்ஸ்டோமின் ஏ, இந்தத் துறையின் நட்சத்திரம்: நானோமோலார் அளவிலேயே வேலை செய்யும். ஆனால் அந்த நுண்ணுயிரிக்கு செல்லோபயோஸ் போன்ற செல்லுலோஸ் துண்டுகள் தட்டுப்பட்டால்தான் அதைத் தாராளமாகத் தயாரிக்கும், குளுக்கோஸ் நிறைந்த ஊடகத்தில் அடங்கிவிடும். ஓட்ஸ் தவிட்டுக் குழம்பில் வளர்ப்பது அதனால்தான். ஒரே ஊடகத்தில் நூறு இனங்களை ஓட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடிவைப்பவர்கள் எதையெல்லாம் தவறவிட்டார்களோ! அதேபோல, ஏதோ கிடைத்ததும் தூய்மைப்படுத்த மாதக்கணக்கில் உட்காருவதற்கு முன் மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைநிறமாலையில் ஓட்டி, தாக்ஸ்டோமினேதான் மறுபடி வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, சேர்மத்துக்கு எதிர்ப்புத் திறன் கொண்ட செடித் திரிபைப் பிடித்ததும், அந்தச் சேர்மம் தாக்கும் இலக்கே கிடைத்துவிட்டது என்று நினைப்பது. ஐசாக்சாபென் விஷயத்தில் அது பலித்தது: எதிர்ப்பு தந்த மாற்றங்கள் செல்லுலோஸைக் கட்டும் நொதியின் (செல்லுலோஸ் சிந்தேஸ்) மரபணுக்களான செசா3, செசா6 இரண்டிலும் இருந்தன. தாக்ஸ்டோமினைத் தாங்கிய டிஎக்ஸ்ஆர்1 திரிபோ, 2003-இல் வெளியான ஆய்வின்படி, நச்சை உள்ளே எடுப்பதையே குறைத்துக்கொண்டிருந்தது.