வன்னிக்குப் புதிதா? கள்ளும் வைனும் தேடிப் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கென்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் வந்து இறங்குகிற தம்பிமார் எப்படியும் ஒருநாள் இதைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, லீவு நாள்ல சுத்திப் பாக்க ஒயின் தோட்டம் ஏதாவது பக்கத்துல இருக்கா?" ஒயின் தோட்டங்களுக்குப் பேர்போன நாசிக் பக்கம் போய் வந்த ஆட்கள் என்றால் கேள்வி இன்னும் முதலே வந்துவிடும். சரி, நேராகச் சொல்கிறேன், வன்னியில் அப்படி ஒன்றும் இல்லை. 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை தொங்கும் கடைகளில் பெரும்பாலும் சாராயமும் பியரும்தான். இங்கே பார்க்கவும் குடிக்கவும் உரியது பனங்கள்ளு. கள் இறக்க உங்கள் ஊரில் 1987 முதல் தடை என்பதால் உங்களில் பலர் மரத்திலிருந்து இறக்கிய சூட்டோடு கள்ளைக் கண்டிருக்கவே மாட்டீர்கள். இங்கே அது பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, சட்டப்படி நடக்கிற தொழில்.

முதலில் மாதத்தைப் பாருங்கள், இடத்தைப் பிறகு பார்க்கலாம். தை, மாசியில் பனை தொடங்கும், ஆண் பனை முந்தும், பெண் பனை பிந்தும், பங்குனி சித்திரையில் உச்சத்தில் இருக்கும், ஆடியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசி மழைக்குள் வந்து நின்றுகொண்டு பனங்கள்ளு எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் தென்னங்கள்ளுதான், அது வருசம் முழுக்க உண்டு. பளைப் பக்கம் தென்னந்தோட்டங்கள் நிறைய. பனைக்கு என்னைக் கேட்டால் பூநகரிக்குப் போகச் சொல்வேன். கள்ளு மட்டும் காரணமில்லை, வயலும் பனையும் கடல்நீரேரியும் ஒரே பார்வையில் கிடைக்கிற இடம் அது, வரும்போது மொட்டைக்கறுப்பன் அரிசியும் வாங்கி வரலாம்.

அடுத்தது நேரம். சீவல் தொழிலாளி விடியவும் பின்னேரமும் மரம் ஏறுவார். காலையில் தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, வருகிற கள்ளு இனிப்பும் நுரையுமாக இருக்கும், மத்தியானம் தாண்டினால் புளிப்பு ஏறும், அடுத்த நாள் அது வினாகிரிக்குப் போகிற வழி. ஆகவே சாவகாசமாகப் பத்து மணிக்கு எழும்பிப் போகிற பயணமில்லை இது. முடிந்தால் தெரிந்த ஒருவர் மூலம் சொல்லி வைத்து மரத்தடிக்கே போய் நில்லுங்கள். இடுப்பில் பாளை சீவுகிற கத்தி, காலில் மரம் ஏற மாட்டுகிற தளநார், இறங்கும்போது முட்டிப் பானை நிறைய வெள்ளை நுரை, அதற்குள் மிதக்கிற தேனீயும் எறும்பும். பன்னாடையில் வடித்து ஊற்றும்போது அவை எல்லாம் மேலேயே தங்கிவிடும், முகம் சுளிக்காதீர்கள். பனையோலையில் கோலிய பிளாவில் வாங்கிக் குடித்தால் ஓலை வாசமும் சேர்ந்து வரும், பிளாஸ்டிக் கோப்பையில் அந்தச் சுவை இல்லை. குடிக்காதவர்கள் கருப்பணி கேட்கலாம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டுவதால் புளிக்காமல் நிற்பது, உங்கள் ஊர்ப் பதநீரேதான். சங்கங்கள் போத்தலில் அடைத்த கள்ளும் விற்பதுண்டு. வீட்டுக்கு வாங்கிப் போக அது வசதி, ஆனால் காய்ச்சி அடைத்ததற்கும் மரத்தடிக் கள்ளுக்கும் நிறையத் தூரம்.

தவறணையைக் கண்டுபிடிக்கக் கூகுள் வரைபடம் அவ்வளவாக உதவாது. ஆட்டோக்காரரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள். "சங்கத்துத் தவறணை எங்கே?" என்று கேட்பது முக்கியம், இல்லையென்றால் யாராவது கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், விற்கிற வளவுக்குக் கூட்டிப்போய் விடுவார்கள். கசிப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம், உடம்புக்கும் கேடு, பொலிஸ் பிடித்தால் விசாவில் நிற்கிற உங்களுக்கு இரட்டைத் தலையிடி. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, 21 வயதுக்குக் கீழே என்றால் எந்த நாளிலும் கிடையாது. தவறணை இங்கே இன்னும் ஆம்பிளைகள் கூடுகிற இடம்தான். சரியோ பிழையோ, குடும்பத்தோடு வருகிறவர்கள் போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டில் மரவள்ளி அவித்து, கட்டைச் சம்பல் இடித்து, கணவாய்ப் பிரட்டலோடு இருப்பதுதான் வழக்கம், உண்மையில் அதுவே நல்ல ஏற்பாடு.

மரம் ஏறுகிறவரிடம் ஊர், குடும்பம் விசாரிக்கலாம். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று மட்டும் வாய் தவறியும் கேட்காதீர்கள், அது சாதி கேட்பது. படம் எடுக்க முன் கேளுங்கள். இன்னொன்று, பனங்கூடல் வடிவாக இருக்கிறதே என்று முகமாலைப் பக்கம் ஒற்றையடிப் பாதையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது. அங்கே கண்ணிவெடி அகற்றுகிற வேலை வருடக்கணக்காக நடந்து வந்திருக்கிறது, சிவப்புப் பலகையில் மண்டையோடு தெரிந்தால் வந்த காலடியிலேயே திரும்புங்கள்.

கள்ளுத்தானே என்று மோட்டார் சைக்கிளை எடுக்கிறவர்களும் உண்டு. வெறி மெதுவாக ஏறும், வெயிலில் சட்டென்று தெரியும். ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத உழவு இயந்திரம் வரும். போக வர ஆட்டோவுக்கு முன்பே காசு பேசிவிட்டுப் போங்கள்.

இல்லை, வைன்தான் வேண்டும் என்றால் ஒருநாளை ஒதுக்கி யாழ்ப்பாணம் போங்கள். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாகச் சுமார் 65 கிலோமீற்றர், பஸ்ஸும் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. பூநகரியில் நிற்கிறவர்களுக்கு 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் குறுக்கு வழி. யாழ் நகரத்தில் கொழும்புத்துறை வீதிப் பக்கம் ரோசேரியன் கன்னியர் மடம் இருக்கிறது, அங்கே அவர்கள் செய்கிற 'ரொசெற்றோ' வைன் கறுவா, கராம்பு மணக்க, நல்ல இனிப்பாக இருக்கும். நாசிக் வைனை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான், கேக்கோடு குடித்துப் பாருங்கள். உரும்பிராய், கோண்டாவில் பக்கம் திராட்சைப் பந்தல்கள் உண்டு, அவை பெரும்பாலும் பழத்துக்காக வளர்ப்பவை, தோட்டக்காரரைக் கேட்டால் உள்ளே விடுவார்கள், பழமும் நிறுத்துத் தருவார்கள். வடமராட்சியில் பனஞ்சாராயத்துக்குப் பேர்போன திக்கம் வடிசாலை இருக்கிறது. அது மூடிக் கிடந்த காலங்களும் உண்டு என்பதால் விசாரிக்காமல் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறாதீர்கள்.

மடம் என்பது மடம், சுற்றுலா விடுதி இல்லை. கூட்டமாகப் போய் வாசலில் சத்தம் போடாமல், ஞாயிறு தவிர்த்து, காலையில் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள். குடிக்காத வீட்டுக்காரருக்கு அங்கேயே நெல்லி ரசமும் ஒரு போத்தல் எடுங்கள். தண்ணீர் கலந்துதான் குடிக்க வேண்டும், அதைச் சொல்லிக் கொடுங்கள்.