ஜீப்பின் முன்சக்கர பேரிங் மாற்றிய கதை

நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே என் பழைய ஜீப்பின் முன்பக்கம் 'ம்ம்ம்' என்று முனகும். சேற்றில் ஓட்டுவதற்கான மட் டயர் போட்ட வண்டி முனகத்தான் செய்யும். ஆனால் டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும், இது மாறவில்லை. இடப்பக்கம் வளைத்தால் கூடியது, வலப்பக்கம் வளைத்தால் குறைந்தது. இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் ஏறும் வலது சக்கரத்தில்தான் கோளாறு.

ஜாக்கி ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். லொடலொடவென்று ஆடியது. தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் ஆட்டம் நின்றது; அப்படியானால் சக்கரத்தைச் சுழல விடும் பேரிங்தான் காரணம். அப்போதும் ஆடியிருந்தால் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னைச் சந்தேகித்திருப்பேன்.

சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றினால் கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. ஓடையில் இறக்கியபோது தண்ணீரைத் தடுக்க வேண்டிய சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்குக்குள் உருளும் ரோலர்களில் குழி விழுந்திருந்தது. சிலர் ரோலரை மட்டும் மாற்றிவிட்டு வெளி வளையத்தை விட்டுவிடுவார்கள். அது வீண் செலவு. வளையத்தையும் பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்து, புதிய சீலோடு ஜோடியாகவே மாற்றினேன்.

நட்டை இறுக்குவதில்தான் சூட்சுமம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பிடிக்கும் வரை இறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, அது நகராமல் பிடிக்கும் லாக் நட்டைப் போட்டேன். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன்; வெதுவெதுப்புதான், சூடில்லை. முனகலும் போய்விட்டது.